அரைக் கரண்டி உப்பு

சென்னையில் வேலை பார்க்கும் மகள் நேற்று போனில் கேட்டாள்: "அம்மா, கேக்குக்கு இருநூறு கிராம் மைதான்னு போட்டிருக்கு. எத்தன கரண்டி வரும்?"

"தராசு வாங்கு. கரண்டியால அளக்காத" என்றேன். சிரித்தாள். சிரிக்கட்டும். நிறை வேறு, கன அளவு வேறு என்று பள்ளியில் காலமெல்லாம் பாடம் நடத்தியவள் நான். ஒரு டம்ளர் பஞ்சும் ஒரு டம்ளர் மணலும் ஒன்றா என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைப்பேன்.

அவள் சிறு குழந்தையாக இருந்தபோது மேலப்பாளையத்தில், நாலு வீடு சேர்ந்த வளவு ஒன்றில் குடியிருந்தோம். நனைத்த பீடி இலையின் வாசம் எந்நேரமும் இருக்கும். இப்போதும் அந்த வாசம் வந்தால் அடுத்த வீட்டு ஜொகரா அக்கா இலை வெட்டும் கத்தரிச் சத்தமும் கூடவே வரும்.

எங்கள் சமையலறையில் டப்பாவுக்கு ஒரு கரண்டி. சீனிக்குக் குட்டிக் கரண்டி. உப்பு ஜாடிக்குப் பெரிய சிரட்டைக் கரண்டி. கல்லுப்பு அள்ள அதுதான் தோது. ஒன்றை மற்றதில் போடவே மாட்டோம்.

மகளுக்கு இரண்டு வயது. வயிற்றுப்போக்கு. "ஒரு லிட்டர் தண்ணிக்கு அரைக் கரண்டி உப்பு, ஆறு கரண்டி சீனி" என்றார் நர்ஸ். சீனியைச் சீனிக் கரண்டியால் போட்டேன். உப்பை உப்புக் கரண்டியால். போதாததற்குக் கல்லுப்பு தீர்ந்து, ஜாடியில் அன்று தூளுப்பு. கல்லுக்கு நடுவே காற்று இருக்கும். தூள் நெருக்கி நிற்கும், எடை கூடும். அதுவும் என் பாடம்தான்.

குழந்தை துப்பினாள். மருந்தென்றால் துப்பத்தான் செய்யும் என்று வாயைப் பொத்தி விழுங்க வைத்தேன். அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

எட்டிப் பார்த்த ஜொகரா அக்கா டம்ளரில் விரலை விட்டு நக்கினாள். "டீச்சரு, புள்ளைக்குத் தண்ணி கலக்குனியளா, கருவாடு ஊறப்போட்டியளா?" என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. "எந்திரிங்க, ஆட்டோவப் புடிப்போம்."

ஆஸ்பத்திரிக்கு என் கணவரும் ஓடிவந்தார். "என்ன குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நாந்தான் கலக்குனேன் டாக்டரு. உப்பு கூடிப்போச்சு" என்றாள் அக்கா.

இரண்டு நாள் டிரிப் ஏறியது. மகள் பிழைத்துக்கொண்டாள்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?" என்று பிறகு கேட்டேன்.

"ஒங்க வீட்டுக்காரரு மொகத்தப் பாத்தேன். என்னய ஒரு நாளு ஏசுவாரு, போயிருவாரு. நீங்க அங்கனயே கெடக்கணும்லா."

அவர் ஒரு நாளோடு விடவில்லை. "அந்தம்மா கைல இனி புள்ளயக் குடுக்காத" என்றார். மகள் குடுகுடுவென்று அக்கா வீட்டு வாசலுக்கு ஓடுவாள். நான் தூக்கி வந்துவிடுவேன். அக்கா தலை நிமிராமல் இலை வெட்டுவாள். அடுத்த வருஷம் வேறு வீடு பார்த்துப் போய்விட்டோம். இன்றும் யாராவது குழந்தை வளர்ப்பு பற்றிப் பேசினால் "ஒரு பீடிக்காரம்மா எங்க புள்ளயக் கொல்லப் பாத்தா" என்று அவர் ஆரம்பிப்பார். நான் காபி போட எழுந்து போவேன்.

நேற்றுப் போனை வைத்தபின் தூக்கமில்லை. இன்று காலை மேலப்பாளையம் போனேன். வளவு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கடை. பீடி வாசமே இல்லை. அந்தக் காலத்து எதிர்க் கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"ஜொகராம்மாவா? அவுக மவுத்தாயி, அடக்கம் பண்ணி ரெண்டு வருசம் ஆச்சே, டீச்சர்."

வீட்டுக்கு வந்தபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எங்க போன?"

"சும்மா, கடைக்கு" என்றேன்.