இரண்டாவது மாடிக்கு ஏறிய பசு

எங்கள் கிரகப்பிரவேசத்தைப் பற்றி யாராவது கேட்டால், "நல்லா நடந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். என் கணவரும் அப்படித்தான். இத்தனை வருடம் கழித்துத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஆடிய ஆட்டம் முழுக்க என்னுடையது. அதனால் நான்தான் எழுதியாக வேண்டும்.

அஸ்தினாபுரத்தில் அந்த ஃப்ளாட்டை வாங்கியபோது நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் தினமும் மின்சார ரயிலைப் பிடித்து ஆபீஸ் போய் வருபவர். பன்னிரண்டு வருடம் வாடகை வீடுகளில் இருந்து, ஆணி அடிக்கக்கூட ஹவுஸ் ஓனரிடம் அனுமதி கேட்டு அலுத்துப்போனவர்கள் நாங்கள். நான்கு மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது, எங்களுக்கு இரண்டாவது மாடி. பக்கத்திலேயே அடுத்த பிளாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மணலும் ஜல்லியும் வாசல்வரை கிடந்தன. எனக்கு அதுவும் அழகாகவே தெரிந்தது.

நாத்தனார் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதற்கு ஆறு மாதம் முன்னால் அவள் நாவலூரில் பெரிய அபார்ட்மென்ட்டில் வீடு வாங்கினாள். அங்கே மாட்டை மேலே கொண்டுபோக அசோசியேஷன் விடவில்லை. கார் பார்க்கிங்கில் நிறுத்தி, குங்குமம் வைத்து, பழம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "இது வீட்டுக்குக் கிரகப்பிரவேசமா, காருக்கா?" என்று பந்தியில் நாலு பேர் காதுபடக் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், என் வீட்டு ஹாலில் பசு வந்து நின்றே ஆக வேண்டும் என்று.

முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. நல்ல முகூர்த்த நாள் என்றால் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவில் பார்த்தாலும் வாழைமரம் கட்டியிருக்கும். ஐயருக்கு அன்று எங்களோடு சேர்த்து மூன்று வீடு. வழக்கமாகக் கூப்பிடுகிற கன்றும் பசுவும் வேறு இடத்துக்குப் போய்விட்டதால், செம்பாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணியை மாட்டோடு வரச் சொல்லியிருந்தார். ஐந்தரை மணிக்கே வந்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும், முப்பத்தெட்டு, நாற்பது. மாட்டுக்குக் கொம்பில் மஞ்சள் தடவி, கழுத்தில் சாமந்தி மாலை போட்டு, அவளும் தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு கேட்டருகில் நின்றாள். வெள்ளையில் செவலைத் திட்டுப் போட்ட மாடு. வயிறு இரண்டு பக்கமும் பெருத்திருந்தது.

சினை என்று அவளே சொன்னாள். ஏழு மாதம். பால் வற்றிவிட்டதாம். அவளிடம் இருந்தது அந்த ஒரே மாடு. இந்தத் தடவை பெண் கன்றாக, கிடாரியாகப் பிறந்துவிட்டால் இரண்டாகிவிடும், பிழைப்பு ஒரு மாதிரி நிமிர்ந்துவிடும் என்று, நான் கேட்காமலேயே, ரொம்ப நாள் பழகியவள்போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போது அவள் கை மாட்டின் வயிற்றின்மேலேயே இருந்தது.

ஐயர் கீழேயே கோபூஜையை முடித்துவிடலாம் என்றார். இந்தக் கட்டடத்துக்கு இந்த கேட்டும் வாசல்தான், தோஷம் ஒன்றும் கிடையாது என்று அவர் தெளிவாகச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. நாத்தனார் அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் கண் முன்னால் என் மாடும் கீழேயே நிற்பதா?

மாட்டுக்காரப் பெண்மணி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "வோணாங்கா. மாசமா கீது. ஏறிடும்கா, எறங்காது."

"ரெண்டு மாடிதானேம்மா. மகாலட்சுமி வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம போனா எனக்கு மனசு ஆறாது" என்றேன்.

அவள் ஐயரைப் பார்த்தாள். ஐயர் வாட்சைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடக்குகிற குரல் எனக்கு எப்போதும் கைவசம் உண்டு. அதை எடுத்தேன். "ஐயர் சொல்லித்தானே வந்தீங்க? பூஜை வீட்டுக்குள்ளதான்." அவள் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினாள்.

மாடு எவ்வளவு சாதுவாக ஏறியது தெரியுமா. ஒவ்வொரு படியாக, குளம்பு டக் டக்கென்று கேட்க, முதல் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து கும்பிட, நேராக எங்கள் ஹாலுக்குள் வந்து நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய்யில்லை, அந்தக் கண்ணீர் பக்திதான். பசுவின் உடம்பில் எந்தெந்த அங்கத்தில் எந்தெந்த தெய்வம் இருக்கிறது என்று ஐயர் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒவ்வோர் இடமாகத் தொட்டு மஞ்சள் குங்குமம் வைத்தேன். அகத்திக்கீரை, பழம், வெல்லம் கலந்த அரிசி என்று ஆளாளுக்கு ஊட்டினார்கள். ஹாலிலேயே சாணி போட்டது, கோமியம் விட்டது. அதைவிடச் சுபசகுனம் வேறு என்ன வேண்டும் என்று எல்லாரும் குதூகலித்தார்கள். நாத்தனார்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன்: இந்த வீட்டில் பால் பொங்க வேண்டும், பிறக்கிறது எல்லாம் நல்லபடியாகப் பிறக்க வேண்டும், யாருடைய வயிற்றெரிச்சலும் இந்த வாசலை மிதிக்கக் கூடாது. என்ன வார்த்தைகள் என்று இன்றைக்கும் எனக்கு ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது.

பால் பொங்கியது. ஹோமம் முடிந்தது. எட்டு மணிக்கு ஐயர் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஸ்கூட்டரில் பறந்தார். அப்புறம்தான் மாட்டை இறக்கப் பார்த்தார்கள்.

இறங்கவில்லை. படிக்கட்டின் முனைக்கு வரும், குனிந்து கீழே பார்க்கும், உடம்பு முழுக்கச் சிலிர்த்துப் பின்வாங்கும். அவள் கொஞ்சினாள், பச்சைக் கீரையைக் காட்டினாள், கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ பேசினாள். மாடு நகரவே இல்லை. டிபன் மொட்டை மாடியில். பொங்கலுக்கும் கேசரிக்கும் வந்தவர்கள் பட்டுப்புடவையை இடுக்கிக்கொண்டு மாட்டை உரசியபடி ஏறினார்கள், இறங்கினார்கள். முதலில் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. ஒருவர் கிரேன் கொண்டுவரலாம் என்றார். ஒருவர் ஃபயர் சர்வீஸ் நம்பர் கேட்டு செல்போனில் பேசிக்கொண்டே இருந்தார். வாலை முறுக்கினால் போகும் என்று என் கொழுந்தனார் கையை வைத்தபோது, அதுவரை சத்தம் போட்டுப் பேசாத அவள், "தொடாத சார்" என்று ஒரு அதட்டல் போட்டாள். அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். இது வேடிக்கையில்லை என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

பத்து மணி ஆகிவிட்டது. பக்கத்து பிளாக்கில் வேலை பார்த்த மேஸ்திரிதான் வழி சொன்னார். காலிச் சிமென்ட் சாக்குகளைப் படிகளில் விரித்து மேலே மணலைக் கொட்டினார்கள். மாட்டின் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். பின்னாலிருந்து நான்கு பேர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ள, அவள் முன்னால் திரும்பி நின்று, தன் தோளை மாட்டின் மார்பில் முட்டுக்கொடுத்து, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்கினாள். அதற்கு நடுவிலும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்கூல் ஹெச்.எம். வருவதாகப் போன் வந்தது. ஏறும்போது மாடு முதல் மாடித் திருப்பத்தில் சாணி போட்டிருந்தது. ஹெச்.எம். மூக்கைப் பிடித்துக்கொண்டு வரக் கூடாதே என்று, வேலைக்கார அம்மாவிடம் அந்த இடத்தைப் பினாயில் போட்டுக் கழுவச் சொன்னேன். சாக்கும் மணலும் படிகளில் மட்டும்தான் இருந்தன. திருப்பத்தில் வெறும் தரை. புது கிரானைட், மேலே பினாயில் தண்ணீர்.

அங்கேதான் வழுக்கியது. பின்னங்கால் இரண்டும் விரிந்து, அவ்வளவு பெரிய உடம்பும் அப்படியே அடுத்த படியின் முனையில் வயிறு பட விழுந்தது. அந்தச் சத்தத்தை என்னவென்று எழுதுவது? நெல் மூட்டையைத் தோளிலிருந்து போடுவதுபோல ஒரு சத்தம். மாடு கத்தவில்லை. அவளும் கத்தவில்லை. சுவருக்கும் மாட்டுக்கும் நடுவில் அவளும் சரிந்து கிடந்தாள்.

எவ்வளவு நேரமென்று தெரியாது. பிறகு மாடு தானாகவே முன்னங்காலை ஊன்றி எழுந்தது. கண்கட்டு அவிழ்ந்து தொங்க, மிச்சப் படிகளைத் தடதடவென்று இறங்கிப் போய் வாசலில் வாழைமரத்தடியில் நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். ஆமாம், கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன். அவள் மட்டும் நொண்டிக்கொண்டே ஓடி, மாட்டின் வயிற்றில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அசையாமல் நின்றாள். என்னவோ கேட்க முயற்சி செய்கிறவள்போல நின்றாள். நான் புடவையும் ரவிக்கைத் துணியும் தேங்காயும் வைத்துத் தட்டை நீட்டினேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

நான்காம் நாள் சாயங்காலம் ஸ்கூலிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் அவள். என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சண்டைக்கு வந்திருக்கிறாள், திட்டட்டும், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"கன்னு வீசிடுச்சுக்கா" என்றாள். குறை மாதத்தில் கன்று செத்து விழுவதை அப்படித்தான் சொல்வார்கள். கிடாரிதானாம். வெள்ளையில் செவலையாம்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டு, "உங்க வூட்ல எதுனா ஆச்சாக்கா? யாருக்காச்சும் ஒடம்பு கிடம்பு..." என்றாள்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. பிறகு புரிந்தபோது நின்ற இடத்திலேயே உடம்பு கூசியது. பூஜைக்கு வந்த மாடு வீட்டுப் படியில் விழுந்தது அபசகுனம். அதனால் எங்களுக்கு ஏதாவது கெட்டது நடந்து, அது தன் மாட்டால்தான் என்று நாங்கள் பேசிவிடுவோமோ என்று மூன்று நாளாகத் தூங்கவில்லையாம். பேர் கெட்டுவிட்டால் அப்புறம் யார் அந்த மாட்டைக் கூப்பிடுவார்கள்? பாலும் இல்லை, கன்றும் இல்லை, இனி முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பூஜைக்குப் போய் வருவதுதான் அவளுக்கு அடுப்பு எரிய வழி.

"ஐயர் கேட்டா மாடு நல்லபடியா எறங்குச்சின்னு சொல்லுக்கா. உன் கால்ல வுழுறேன்" என்று குனிந்தேவிட்டாள்.

நான் பிடித்துத் தூக்கினேன். சொல்கிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். என் காலில் அவள். இதைவிட வேறு தண்டனை எனக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்த வேகத்தில் எனக்கு இடமே கிடைக்கவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சும்மா. இடம் இருந்தது.

அடுத்த வாரமே ஐயர் போன் செய்தார். அந்தப் பசு படி இறங்கும்போது தகராறு ஏதும் பண்ணவில்லையே என்று கேட்டார். "இல்லீங்க. நல்லபடியா இறங்கிடுச்சு" என்றேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதிகூட எனக்கு ஒரு விநாடி வந்தது.

"அப்பாடா" என்றார் அவர். "குரோம்பேட்டையில உங்க ஸ்கூல் டீச்சர்தான், மூணாவது மாடி. கீழ வெச்சுக்கலாம்னா கேக்க மாட்டேங்கறா. உங்க வீட்டுல மேலயே வந்துதே, எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வராதுன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அந்த மாட்டுக்கே சொல்லிடறேன்."

போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லியிருந்தால் மாட்டுக்காரப் பெண்மணியின் பிழைப்பு போயிருக்கும். அந்த ஒரு காரணத்தால்தான் நான் கூப்பிடவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் என் புது வீட்டில் என்ன நடந்தது என்பது ஸ்கூல் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்த டீச்சர் என்னையும் பத்திரிகை வைத்து அழைத்தாள். அன்று காலை தலைவலி என்று சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். மாடு மூன்று மாடியும் இறங்கியதா என்று அந்த டீச்சரிடமும் கேட்கவில்லை, ஐயரிடமும் கேட்கவில்லை. செம்பாக்கம் ஏரிப் பக்கம் பஸ் போகும்போது, இன்றும், நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை.