முதல் வரி வெறுமையாகக் கிடந்த தாள்கள்

அந்த எம்.பி.யை நாங்கள்தான் கூப்பிட்டோம். பொன்னாடை போர்த்தியதும் நாங்கள்தான். கிழக்கு லண்டனில் ஒரு பள்ளிக்கூட மண்டபம், தேர்தலுக்கு முந்திய மாதம். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. மனிதர் இரண்டு வடை சாப்பிட்டார், மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். குடும்பங்களைப் பிரித்து வைக்கிற எந்தச் சட்டத்துக்கும் தன் கை உயராது என்றார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அந்த மண்டபத்தில் பிரியாத குடும்பம் என்று ஒன்றைத் தேடிப் பிடித்திருக்க ஏலாது. சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பொதுநலவாய, அதாவது கொமன்வெல்த், நாட்டுக்காரர் என்று எங்களில் பலருக்கு வாக்கு இருந்தது. மழைக்குள் வரிசையில் நின்று அவருக்கே போட்டோம்.

அப்படி ஒரு சட்டம் பிறகு வரத்தான் செய்தது. அவர் அதற்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார். கோதாரி விழுவான் என்று நான் வேலைத்தலத்தில் வாய்விட்டே திட்டினேன். பக்கத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த ஜமேக்காக்காரி, பாட்டுப் படிக்கிறாயா என்று கேட்டாள்.

நான் இல்ஃபோர்டில் ஒரு லோண்டரியில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஹோட்டல் விரிப்புகள், துவாய்கள். என் கணவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். ஒருவர் முதலில் வருவது, மற்றவர் ஆறு மாதத்தில் பின்னால் வருவது என்றுதான் எண்பதுகளின் கடைசியில் ஏற்பாடு. ஆறு மாதம் ஐந்து வருஷமாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. ஒரு வீட்டின் மேல்மாடியில் எனக்கு ஒரு அறை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து கதவைச் சாத்தினால், திங்கட்கிழமை காலையில் பஸ்காரனுக்குக் காலை வணக்கம் சொல்லும்வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. சில திங்கட்கிழமைகளில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்கும். அது பொல்லாத தனிமை. பழகிவிடும் என்று சொன்னவர்களை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

கணவரைக் கூப்பிடுகிற அலுவலை அந்த எம்.பி.தான் எடுத்திருந்தார். சனிக்கிழமைகளில் அவர் தொகுதி ஆட்களைச் சந்திக்கிற கந்தோருக்கு நான் இரண்டு தரம் போயிருந்தேன். குடிவரவைப் பார்க்கிற ஹோம் ஒபிஸுக்குத் தானே எழுதுவதாகச் சொல்லி, என் கடதாசிகளை வாங்கி ஒரு பச்சை மட்டைக்குள் வைத்தார். அந்த மட்டை அவருடைய அலுமாரிக்குள் இருந்தது. அவர் கையைத் தூக்கிய பிறகும் அங்கேதான் இருந்தது.

அவரைக் கூப்பிட்ட எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். வயது வித்தியாசமில்லாமல் எல்லாருக்கும் அவர் அண்ணை. ஒரு சனிக்கிழமை என் அறைக்கு வந்து, கதிரை நுனியில் இருந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். எம்.பி. பதவியை விட்டிறங்கி மறுபடி தேர்தலில் நிற்க வேண்டும் என்று தொகுதிச் சனத்திடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்கப் போகிறார்களாம்.

“அண்ணை, அப்பிடி இடையிலை இறக்கச் சட்டம் இருக்கோ?”

“இல்லைத் தங்கச்சி. இந்த நாட்டிலை அப்பிடி ஒண்டுமில்லை. ஆனா அந்தாளை வெட்கப்படுத்தலாமெல்லோ. எங்களுக்கு ரோசம் இருக்கெண்டாவது தெரியட்டும்.”

ஆம்பிளைகள் போய்த் தட்டினால் எங்கள் சனம் கதவு திறக்காது, காசு சேர்க்க வந்திருக்கிறார்கள் என்று லைற்றை நூர்த்துவிட்டு இருக்கும், பொம்பிளை போனால் திறக்கும் என்றார். எனக்கு ஐந்து தெருக்கள். ஓம் என்றேன். ரோசத்தில் சொன்ன ஓம் என்று கொஞ்சக் காலம் சொல்லித் திரிந்தேன். உண்மை அதுவல்ல. சனி, ஞாயிறில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு ஒரு சாட்டுக் கிடைத்தது, அவ்வளவுதான். நான் போனது தேத்தண்ணிக்கு.

நல்ல தேத்தண்ணியும் கிடைத்தது. “வாங்கோ, உள்ளுக்கை வாங்கோ, குளிருக்கை நிக்காதேங்கோ” என்று கையைப் பிடித்து இழுத்து இருத்தினார்கள். எந்த ஊர், யாருடைய மகள் என்று விசாரித்தார்கள். ஒரு வீட்டில் புட்டும் முட்டைப்பொரியலும் தந்து, சாப்பிட்டு முடிக்கும்வரை விஷயத்தைப் பேச விடவில்லை. எம்.பி.யைத் திட்டுவதில் எல்லாரும் சூரர். பேனையை நீட்டினால்தான் கதை மாறும்.

ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுத் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை, பெட்டிசத்துக்கு ஆராவது பேர் போடுவினமோ?” என்றார். பகிடிக்கு இல்லை, உண்மையாகத்தான் கேட்டார். அவருக்குத் தெரிந்த பெட்டிசம், ஒரு உத்தியோகத்தன்மேல் பேர் இல்லாமல் எழுதி, வேறு ஊர்த் தபாற்பெட்டியில் போடுகிற மொட்டைக் கடிதம். பேரும் விலாசமும் எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுக்கிற பெட்டிசத்தை அவர் கண்டதே இல்லை. “இது எங்கடை தலையை நாங்களே நீட்டுற வேலை” என்றார். ஆனாலும் போட்டார். முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவது வரியில் போட்டார்.

எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தாள் வைத்திருந்தேன். எந்தத் தாளை யாரிடம் நீட்டினாலும், முதல் வரியை எனக்கு விட்டுவிட்டுக் கீழே எழுதினார்கள். “நீங்கள் கொண்டு வந்தனீங்கள், நீங்கள்தான் முதல்” என்பார்கள். சபையில் மூத்தவருக்கு முன்கதிரையை விட்டுவைப்பதுபோல ஒரு மரியாதை. அந்த மரியாதைக்குள் பயமும் இருந்தது. முதல் பெயர்தானே முதலில் கண்ணில் படும்? ஹோம் ஒபிஸில் கடதாசி கிடக்காத வீடு அந்த ஐந்து தெருவிலும் இல்லை.

“நீங்கள் போட்டிட்டீங்களோ?” என்று கேட்பார்கள்.

“ஓமோம், என்ரை தெருத் தாளிலை போட்டிட்டன்” என்பேன்.

முதல் தரம் சொன்னபோது நாக்கு கொஞ்சம் இழுத்தது. ஐந்தாவது வீட்டில் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொன்னேன். என் தெருத் தாளில் என் பெயர் இல்லை. ஒவ்வொரு இரவும் போடுகிறேன் என்று எடுப்பேன். பச்சை மட்டை கண்ணுக்குள் வந்து நிற்கும். அந்தக் கந்தோரில் ஒருவர் என் பெயரைக் கண்டு, ஓகோ இவளா என்று மட்டையை அடியில் தள்ளிவிட்டால்? பேனையை மூடி வைத்துவிடுவேன்.

கடைசித் தெருவில், கடைக்கு மேலே ஒரு அறையில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி தனியாக இருந்தாள். பேக்கரியில் வேலை. புருஷன் கூட இல்லை, உயிரோடு இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியவும் இல்லை. ஒன்பது வயது மகளைக் கொழும்பில் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தவள். அந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிற அலுவலும் அதே எம்.பி.யின் கந்தோரில்தான் கிடந்தது. அவள் பிள்ளையின் ஆறு வயதுப் படத்தைக் காட்டினாள். முன்பல் இரண்டும் இல்லாமல் சிரித்தபடி நின்றது.

அன்றைக்கு நான் எழும்பி வந்திருக்க வேண்டும். உமக்கு வேண்டாம் பிள்ளை, விடும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த அறை சூடாக இருந்தது, அவள் என்னை அக்கா என்றாள், எனக்குப் போக மனம் வரவில்லை. பின்னேரம் முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்தோம். இந்த நாட்டில் எனக்கென்று ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று அங்கே இருந்தபடியே நினைத்தேன்.

அவளே தாளை எடுத்தாள். “பயமாத்தான் இருக்குது அக்கா. நீங்களும் போட்டனீங்கள்தானே?”

“போடாமல் உங்களிட்டைக் கொண்டு வருவனோ?” என்றேன்.

அவள் முதல் வரியை எனக்கு விட்டுவிட்டு, இரண்டாவது வரியில் பெயரையும் விலாசத்தையும் தெளிவான எழுத்தில் எழுதினாள்.

தாள்களைக் கொடுக்கப் போனபோது அண்ணை ஒவ்வொன்றாகப் புரட்டினார். “ஏன் தங்கச்சி, எல்லாத்திலையும் முதல் வரி வெறுமையாக் கிடக்குது?”

“அது... மரியாதைக்கு விட்டவை.”

“அப்ப நீங்கள் ஒண்டிலை போடுங்கோவன்.” பேனையை நீட்டினார். நான் கைப்பைக்குள் எதையோ தேடினேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். தபால் கந்தோரில் சனத்தின் முகத்தைப் பார்த்துப் பழகிய மனிதர். “சரி, ஏலாட்டி விடுங்கோ” என்று சொல்லித் தாள்களை அடுக்கினார். அவர் ஏசியிருந்தால் போட்டிருப்பேனோ என்னவோ. அடுத்த சனிக்கிழமை பதினைந்து பேர் போய் எம்.பி.யின் கையில் கொடுத்தார்கள். எனக்குத் தடிமன், தும்மல் என்று சொல்லி அனுப்பினேன்.

எம்.பி. பதவி விலகவில்லை. விலகுவார் என்று யார்தான் நம்பினார்கள்? ஆனால் மூன்றாவது கிழமை ஒரு விஷயம் நடந்தது. கையெழுத்து வைத்த ஒவ்வொருவருக்கும் அவரிடமிருந்து கடிதம் வந்தது. பாராளுமன்ற முத்திரை போட்ட தடித்த கடதாசி, அவரவர் பெயர் எழுதி. சனம் அதைக் கடைக்குக் கொண்டுபோய் ஒருவருக்கொருவர் காட்டிப் பெருமைப்பட்டது. பெட்டிசம் போட்டவன் கலியாணக்காரனைப்போல நடந்தான்.

அவள் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அதற்கு முன் யாரும் என்னைப் பார்க்கவென்று அந்த மாடிப்படி ஏறியதில்லை, அண்ணையைத் தவிர. எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. கேத்திலை வைத்தேன்.

“இங்கிலீசு விளங்கேல்லை அக்கா, வாசிச்சுச் சொல்லுங்கோ.”

வாசித்துச் சொன்னேன். உங்கள் ஏமாற்றம் எனக்கு விளங்குகிறது, என் முடிவுக்குக் காரணம் இது என்று அரைப்பக்கம் மழுப்பிச் சளாப்பியிருந்தார். கடைசியில், நீங்கள் கையெழுத்திட்டது உங்கள் உரிமை, உங்கள் மகளின் விஷயத்தை என் அலுவலகம் தொடர்ந்து கவனிக்கும் என்று இருந்தது. அவள் அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். மூன்றாம் தரம் வாய்விட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவளுடையதும் என்னுடையதும் வேறு வேறு அழுகை.

“உங்கடையைக் காட்டுங்கோ அக்கா. உங்கடை மனிசனுக்கு என்ன எழுதியிருக்கிறார்?”

தபாலில் தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பாள். ஆனால் அந்த அறையில் எனக்கு எதிரில் ஒருத்தி இருந்து தேத்தண்ணி குடிக்கிறாள், அவளுக்குப் பொய் சொல்ல எனக்கு அந்த நேரம் வாய் வரவில்லை.

“எனக்கு வரேல்லைப் பிள்ளை. நான் போடேல்லை.”

“என்னத்தைப் போடேல்லை?”

“கையெழுத்து. ஒரு தாளிலையும் போடேல்லை. என்ரை மனிசன்ரை கடதாசி அந்தாளிட்டைக் கிடக்குது எண்டு...”

அவள் கோப்பையை மெல்லத் தட்டில் வைத்தாள். கடிதத்தை மடித்தாள், மடித்ததை விரித்தாள், பிறகு மறுபடி மடித்தாள்.

“நீங்கள் மனிசனை நினைச்சுப் போடேல்லை. நான் என்ரை பிள்ளையை வைச்செல்லோ அக்கா போட்டனான்” என்றாள்.

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் மாடிப்படியில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நாலைந்து ஞாயிற்றுக்கிழமை அவள் அறைக்குப் போய்த் தட்டினேன். தட்டியதும் உள்ளே பாடுகிற ரேடியோ நின்றுவிடும், கதவு திறக்காது. அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் மற்ற வீடுகளில் புட்டுத் தருவது நின்றிருக்கும். நிறுத்திக்கொண்டது நானாகத்தான். பிறகு அந்தத் தெருக்களுக்கு நான் போகவில்லை.

என் கணவர் ஒன்றரை வருஷம் கழித்து வந்து சேர்ந்தார். அவருக்கு இந்தக் கதை தெரியாது.

எங்கள் சனத்தில் ஊரிலிருந்து ஒருவர் வந்திறங்கினால், தெரிந்தவர் எல்லாரும் அந்தக் கிழமையே பழமும் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவார்கள். யாரும் அழைப்பதில்லை, வந்திருக்கிறார்கள் என்று ஒரு சொல் சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான். அவளுடைய பிள்ளை என் கணவருக்கும் முந்தி வந்தது. அது வந்து மூன்று கிழமை கழித்துக் கடையில் மரக்கறி நிறுத்தபடி கடைக்காரர்தான் அதை எனக்குச் சொன்னார்: “அட, உங்களுக்குத் தெரியாதோ? நீங்கள் ரெண்டுபேரும் நல்ல நெருக்கம் எண்டெல்லோ நான் நினைச்சன்.”