வெள்ளி விழா நோட்டில் ஒரு கைநாட்டு

எங்கள் பாலக்கரை கூட்டுறவு வங்கியின் வெள்ளி விழா அன்று காலையிலிருந்தே எனக்கு எரிச்சல். நாற்காலிகள் வரவில்லை, மைக் கரகரத்தது, எல்லாவற்றுக்கும் மானேஜர் குமாஸ்தாவான என்னையே கடிந்துகொண்டார். போதாக்குறைக்கு, வாசலில் உட்கார்ந்து விழா நோட்டில் உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கும் வேலையும் என் தலையில்.

பூக்கடை செல்லம்மா பட்டுப்புடவையில் வந்தார். பத்து வருஷமாகக் கவுண்டரில் அவருடைய கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்துபவன் நான்தான். அன்றும் நிமிர்ந்து பார்க்காமலே விரலை இழுத்து, மையில் ஒற்றி, அவர் பெயருக்கு நேரே உருட்டிவிட்டேன்.

அவர் நகரவில்லை. இன்னொரு கையில் புதுப் பேனா இருந்தது.

“கையெழுத்துப் போடலாம்னு வந்தேங்க. மூணு மாசமா மககிட்ட எழுதிப் பழகினேன்.”

“முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?”

“நீங்க கேக்கலீங்களே.”

பின்னால் கூட்டம் நெருக்கியது. “சரி, அடுத்த விழாவுல போடுங்க” என்று எரிந்து விழுந்தேன். அடுத்த விழாவுக்கு இன்னும் இருபத்தைந்து வருஷம் இருந்தது. மை புடவையில் படாமல் விரலைத் தூக்கிப் பிடித்தபடி அவர் உள்ளே போனார்.

மறுநாளிலிருந்து கவுண்டருக்கு யார் வந்தாலும் முதலில் பேனாவைத்தான் நீட்டுகிறேன். செல்லம்மா மட்டும் அதை வாங்குவதில்லை. கட்டை விரலையே நீட்டுகிறார்.