இல்லை என்று சொன்ன புதன்கிழமை

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் எதிரில் வாயால் சொல்ல வராது என்பதால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்றேழில் நாங்கள் காலடிப்பேட்டையில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. அவன் பேச மாட்டான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சோற்றுத் தட்டைத் தரையில் சுழற்றிவிட்டு, அது ஆடி அடங்கும் சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். ஹைரோட்டில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வான். ஆனால் லாரிச் சக்கரம் என்றால் அவனுக்கு உயிர். கதவு திறந்திருந்தால் நேராக அதை நோக்கி ஓடுவான்.

அப்பாவை நைனா என்போம்; அவர் ஹார்பருக்கு மூட்டை தூக்கப் போய்விடுவார். அம்மா காசிமேட்டுக்கு இறால் உரிக்கப் போக வேண்டும். அதனால் ஒரு புடவைக் கிழிசலால் தம்பியின் காலைக் கட்டில் காலோடு கட்டிவிட்டுப் போவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அவிழ்ப்பேன்.

பேச்சு வர மருந்து கேட்டு அம்மா அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். புதன்கிழமை ஒரு மேடம் வருவார், கேள்வி கேட்டு மார்க் போடுவார், அப்புறம் முடிவு செய்வோம் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு அத்தை இன்னோர் ஆஸ்பத்திரியில் பெருக்குகிற வேலையில் இருந்தாள். ஆஸ்பத்திரி விஷயத்தில் எங்கள் தெருவுக்கு அவள் சொன்னதுதான் சட்டம்.

"இன்னா கேட்டாலும் இல்லன்னு சொல்லிடு. மார்க்கு ஏறிச்சுன்னா புள்ளைய ஹோம்ல தள்ளிடுவாங்கோ. அப்பால மொகத்தக்கூட காட்ட மாட்டாங்கோ."

அம்மா என் காதைப் பிடித்தாள். "த பாரு, நீ ஏதாவது ஒளறினே, தம்பிய இட்னு பூடுவாங்கோ. புரிஞ்சுதா?"

மூன்று நாள் பாடம் நடந்தது. அம்மா மேடம் மாதிரி காலை மடக்கி உட்கார்ந்து கேட்பாள். கடிப்பானா? இல்லை. ஓடுவானா? இல்லை. பக்கத்தில் தம்பி தட்டைச் சுழற்றிக்கொண்டிருப்பான். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகப் படித்துப்போன பரீட்சை அது ஒன்றுதான்.

மேடத்தின் மேஜைமேல் நீளமான தாள் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு கட்டம்: இல்லவே இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எந்நேரமும்.

"சுத்துற பொருளையே பாத்துட்டு இருப்பானா?"

"அதெல்லாம் இல்லமா. தங்கமான புள்ள" என்றாள் அம்மா.

தம்பி அப்போது மேஜைக்கு அடியில் படுத்து, மேடம் உட்கார்ந்திருந்த நாற்காலியின் சக்கரத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான்.

மேடம் குனிந்து அவன் கையை மெதுவாக எடுத்துப் பார்த்தார். மணிக்கட்டு முழுக்கக் கருத்துப்போன பல் தடங்கள். அம்மா என்னைப் பார்த்தாள்.

"பூனை கடிச்சிச்சு மேடம்" என்றேன்.

"எத்தனை பூனைப்பா?"

"ரெண்டு."

அவர் சிரிக்கவில்லை. அம்மாவை விட்டுவிட்டு என்னையே கேட்க ஆரம்பித்தார். நான் தடுமாறவே இல்லை. கடைசியில் கூட்டிப் பார்த்துவிட்டு, "மார்க் ரொம்பக் கம்மியா வருதும்மா. இங்க சேத்துக்க முடியாது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி கூட்டிட்டு வாங்க" என்றார்.

சேர்த்துக்கொள்ள முடியாது என்ற வார்த்தைக்கு அம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். வெளியே வந்ததும் எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாள். பஸ்ஸில் தம்பி ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டே வந்தான். கம்பிக்கும் தலைக்கும் நடுவில் அம்மா தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஆறு மாதம் கழித்தும் போகவில்லை, அதற்கப்புறமும் போகவில்லை. அடுத்த வருஷம் நைனாவுக்கு முதுகு போனது. நான் படிப்பை விட்டு வேலைக்குப் போனேன். தம்பியை அவிழ்க்கும் நேரம் சாயந்தரத்திலிருந்து ராத்திரிக்குத் தள்ளிப்போனது.

அவனுக்கு இருபது வயதானபோது, ஊனமுற்றோர் சர்டிபிகேட் வாங்க நானே அவனைக் கூட்டிப்போனேன். அதே மாதிரி தாள். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொன்னேன். எழுதிக்கொண்டவர் அந்தப் பழைய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவராம். அந்தக் காலத்தில் மார்க் அதிகம் வந்த பிள்ளைகளைத்தான் அங்கே பகல் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களாம். காலையில் வேன் வந்து கூட்டிப்போய்ச் சாயந்தரம் வீட்டில் விடுமாம். கையால் காட்டிக் கேட்க, தானாகச் சாப்பிட, ரோட்டில் கை பிடித்து நடக்க, எல்லாம் பழக்குவார்களாம். ஒரு பிள்ளையைக்கூட யாரும் ஹோமுக்கு அனுப்பவில்லையாம். "சின்ன வயசுலயே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார்.

இதை அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. நைனாவுக்குப் பின்னால், போன மாதம் அவளும் செத்துப்போய்விட்டாள். தம்பி என்னோடுதான் இருக்கிறான். கணுக்காலைச் சுற்றித் தோல் தடித்துக் கருத்திருக்கிறது. வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்றைக்கு நடந்த ஒன்றை மட்டும் மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். தன்னையே கடித்துக்கொள்வானா என்று மேடம் என்னிடம் மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை, "கண்ணு, பயப்படாம சொல்லு. நீங்க சொல்றத வெச்சுதான் நான் போட முடியும்" என்றார். அப்போது அவருடைய பென்சில் 'எந்நேரமும்' என்ற நான்காவது கட்டத்தின்மேல் இருந்தது. எழுதாமல், எடுக்காமல், அங்கேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். என்னை மிரட்டப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் சத்தமாக இல்லை என்றேன்.

10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு.