நீலாவதி எழுதிய உப்பு மூட்டை

என் சம்சாரம் நீலாவதியை வங்காளத்தில் நாங்கள் இருக்கும் இந்த லேக் மார்க்கெட்டில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் மருதமுத்து மளிகைக் கடையில் பொட்டலம் கட்டினவள் என்பார்கள். முப்பத்திரண்டு வயதில் பள்ளி இறுதித் தேர்வுக்குத் தனியாகப் படித்தவள் என்பதை நான்தான் சொல்லியாக வேண்டும்.

1977-இல் தேர்வு. அதற்குமுன் லேக் கார்டன்ஸில் ஒரு பெண்கள் பள்ளியில் முன்தேர்வு எழுத வேண்டும். அதில் தேறினால்தான் விண்ணப்பத்தில் கையெழுத்து கிடைக்கும். இவளுக்கு ரசாயனத்தில் மூன்று மார்க் குறைந்துவிட்டது. உப்புக் கட்டியில் மின்சாரம் பாயாது, உப்புத் தண்ணீரில் பாயும், ஏன் என்ற கேள்விக்கு முட்டை. பதிலில் எங்கள் கடை உப்பு மூட்டையை எழுதி வைத்திருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி பேசினேன். "பரீட்சைப் பேப்பர்ல கடைக்கதைய எழுதுவாளா ஒருத்தி?"

"நடந்ததத்தான எழுதினேன். வாங்க, நேர்ல போய்க் கேப்போம்."

ரசாயனம் நடத்தும் தீதிமணி, ஆசிரியையை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், விடைத்தாளை எடுத்து மேசையில் போட்டார். "புத்தகத்துல மூட்டை எங்கம்மா இருக்கு?" என்று வங்காள மொழியில் கேட்டார். இவளும் அதே மொழியில் பதில் சொன்னாள்.

"அதுக்குக் கீழ மூணாவது வரியப் படிங்க, தீதி. கட்டி உப்புல அயனிங்க ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு நகராம நிக்கும். தண்ணில கரைஞ்சா பிரிஞ்சு நகரும். அதான் மின்சாரத்தக் கொண்டுபோகும்."

"உருக்கினா?"

"அப்பவும் நகரும், கடத்தும். அத நான் பாத்ததில்ல, ஈர மூட்டையத்தான் பாத்தேன். பிஞ்ச ஒயர் காஞ்ச மூட்டைமேல ஒரு வாரம் கெடந்துச்சு, ஒண்ணும் ஆகல. மழத்தண்ணி எறங்கின அன்னிக்கு இவரு மூட்டையத் தொட்டாரு. தூக்கி அடிச்சிருச்சு."

தீதிமணி என் பக்கம் திரும்பினார். "நிஜமா?"

ஒயரைச் சரிசெய்யச் சொல்லி இவள் நச்சரித்தும் நான் கேட்கவில்லை. அது வெளியே தெரிந்தால் மானம் போகுமென்று, வழுக்கி விழுந்ததாகத்தான் மார்க்கெட் முழுக்கச் சொல்லியிருந்தேன். நீலாவதி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். போனால் போகட்டும் என்று அந்த அறையில் இருந்த ஆறு ஆசிரியைகள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். தீதிமணி மட்டும் சிரிக்காமல் அந்தப் பதிலை மறுபடி படித்து, நாலு மார்க் போட்டுக் கையெழுத்திட்டார். விண்ணப்பத்திலும் கையெழுத்து கிடைத்தது.

இறுதித் தேர்வில் ரசாயனத்தில் அறுபத்தெட்டு வாங்கினாள் என் நீலாவதி. இப்போது அதே பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். வருஷா வருஷம் அந்தப் பாடம் முடிந்ததும் பெண் பிள்ளைகள் கூட்டமாகக் கடைக்கு வந்துவிடுகிறார்கள்.

"கரண்ட் அடிச்ச காக்கு நீங்கதானா?" என்று சித்தப்பா முறை வைத்துக் கேட்கிறார்கள்.

"நானேதான்," என்கிறேன். "நீலாவதி தீதியோட வீட்டுக்காரன்."