யாரும் போடாத ஃபோல்டர்

கம்ப்யூட்டர் திரையில் அந்த இரண்டு ஃபோல்டர்களையும் நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு புதன்கிழமை காலையில். ‘மை கம்ப்யூட்டர்’ என்பதைத் திறந்தால் எங்கள் வீட்டில் மூன்றே அடையாளங்கள்தான் தெரியும்: சி, டி, பிறகு சிடி போடுகிற தட்டு. அன்றைக்கு அவற்றுக்கும் கீழே மஞ்சள் நிறத்தில் இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்றின் பெயர் ஆல் பிக்சர்ஸ், மற்றது ஆல் வீடியோஸ். நான் அவற்றைப் போடவில்லை. அந்த வீட்டில் என்னைத் தவிர வேறு யாருக்கும் ஃபோல்டர் போடத் தெரியாது என்று அன்று காலை பத்து மணி வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தவள் நான். மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் அழிப்பதற்கான வரியே வரவில்லை. எவ்வளவு பெரியது என்று பார்த்தால் பூஜ்யம். எப்போது உருவானது என்று பார்த்தால் அந்த இடம் காலி. வைரஸ் பிடிக்கும் மென்பொருளை ஓடவிட்டேன். அது அரை மணி நேரம் துழாவிவிட்டு ஒன்றுமில்லை என்றது. அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மார்த்தாண்டத்தில் ஒரு வருடம் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்து முடித்திருந்தேன். குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்குள் அந்தப் படிப்புக்குப் பெரிய மரியாதை. மைனி என்று நான் சொல்வது என் அண்ணன் மனைவியை. அண்ணன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். மைனி மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தபோது போன அண்ணன், பிறந்து எட்டு மாதமான மகளை இன்னும் நேரில் பார்த்ததில்லை. அங்கிருந்து யாராவது விடுமுறையில் வந்தால், திரும்பும்போது அவர்கள் கையில் நேந்திர வாழைக்காயில் வறுத்த ஏத்தங்காய் வற்றலும் ஒரு சிடியும் கொடுத்துவிடுவோம். அங்கே அண்ணன் தங்கும் அறையில் எட்டுப் பேர். யாருக்கு ஊரிலிருந்து சிடி வந்தாலும் வெள்ளிக்கிழமை விடுமுறையில் எல்லாரும் சேர்ந்துதான் பார்ப்பார்கள்; ஒருவர் வீட்டு விசேஷம் எட்டுப் பேருக்கும் விசேஷம் என்பது அந்த அறையின் வழக்கம். குழந்தையின் ஞானஸ்நானப் படங்களை அனுப்புவதற்காகத்தான் திங்கட்கிழமை சிடி எழுதும் மென்பொருள் ஒன்றைப் புதிதாக ஏற்றினேன். பழையது மூன்று சிடிக்களைப் பாழாக்கியிருந்தது. புதியது கெட்டிக்காரத்தனமானது, படங்களை அங்கும் இங்கும் தேட வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கிக் காட்டியது. அப்படியே மொத்தமாக இழுத்துப் போட்டேன். ஆறு நிமிடத்தில் சிடி வெளியே வந்தது. அண்ணனின் அறைக்கூட்டாளி ஒருவர் விடுமுறையில் திருவட்டாறு வந்திருந்தார். அவர் வீட்டில் அன்று மாலையே கொடுத்துவிட்டேன். புதன்கிழமை பிற்பகல் அவர் கிளம்புவதாக இருந்தது.

அந்த நாட்களில் கம்ப்யூட்டரைப் பற்றிய பயம் என்றால் எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளின் படங்களைப் பற்றிய பயம்தான். ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் கல்யாணப் படங்களை எடுத்துக்கொண்டார்கள், இன்டர்நெட் வழியாக உருவிக்கொண்டார்கள் என்று பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கூடக் கதை சொல்வார். எங்கள் வீட்டுப் படங்களை எவனோ மூட்டை கட்டி வைத்திருக்கிறான் என்றே நினைத்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மைனி என் பின்னால் வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

“அதுக்குள்ள என்னவெல்லாம் தெரியும் ஏட்டி?” என்று கேட்டாள்.

“நம்ம படம் எல்லாம் மைனி. எங்கெங்கயோ கெடந்தது எல்லாம்.”

“எங்க வச்சிருந்தாலுமா?”

அந்தக் கேள்வி எனக்கு அப்போது உறைக்கவில்லை. திறந்து கீழே கீழே போய்க்கொண்டிருந்தேன். ஞானஸ்நானம், அண்ணன் கல்யாணம், கார் ஒன்றில் சாய்ந்தபடி அண்ணன், யாரோ அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் சாம்பல் நிறத்தில் பதினோரு படங்கள். புகையைப் படம் பிடித்த மாதிரி இருந்தன. நடுவே சின்னச் சின்ன வெள்ளைக் கோடுகள். ஒன்றைப் பெரிதாக்குவதற்குள் மைனி குனிந்து சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டாள். “எனக்கு பேடியா இருக்கு. வைரஸா இருந்தா பரவிரும். இனி தொறக்காண்டாம் மக்கா” என்றாள். பேடி என்றால் எங்கள் பக்கத்தில் பயம். பாவம், கம்ப்யூட்டர் தெரியாதவள் என்று இரக்கப்பட்டேன். டிப்ளமோ படித்தவளின் இரக்கம்.

இயந்திரத்தைச் சேர்த்துக் கொடுத்த மார்த்தாண்டம் கடைக்காரருக்கு போன் செய்தேன். அவர் எதையோ மென்றுகொண்டே கேட்டார்.

“புதுசா சிடி எழுதுற சாஃப்ட்வேர் ஏதாவது போட்டீங்களா? அப்பம் அதுக்க வேலதான். அது நெசமான ஃபோல்டரே இல்ல. சும்மா ஒரு சன்னல் மாதிரி. எந்த மூலையில படம் கெடந்தாலும் அதுல தெரியும். அழிக்க வராது, அழிக்கவும் வேண்டாம்.”

“நாங்க போடாத படமும் தெரியுதே.”

“இல்லாத படத்த அது காட்டாது. உங்க வீட்டுல யாரோதான் போட்டிருக்காவ.”

ரிசீவரை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். அதுவரைக்கும் வெளியே எங்கோ இருந்த ஒருவனைப் பற்றித்தான் பயந்தேன். கடைக்காரர் அந்தப் பயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டார். அப்பா அந்தப் பக்கமே வரமாட்டார். அம்மா மவுஸைத் தொட்டாலே ஷாக் அடிக்கும் என்று நினைப்பவள். மீதி இருப்பது நானும் மைனியும்.

மறுபடியும் சுவிட்சைப் போட்டு, ஒரு படத்தைப் பெரிதாக்கினேன். மேல் மூலையில் ஆங்கிலத்தில் மைனியின் பெயர், வயது, மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. அதற்குக் கீழே இடது மார்பு என்று எழுதியிருந்தது. அந்தத் தேதியில் அவள் தன் அப்பாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். திரும்பினேன். மைனி குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்து அறை வாசலில் நின்றாள்.

அழாமல்தான் சொன்னாள். பால் கொடுக்கும்போது ரப்பர் மரத்துக் கொட்டை அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டதாம். பால் கட்டியிருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்ததும், ஊசி குத்திப் பார்க்க வேண்டும், வீட்டுக்காரரை அழைத்து வா என்றிருக்கிறார்கள். அங்கே கொடுத்த சிடியை உடைத்து அடுப்பில் போட்டுவிட்டாள். போடுவதற்கு முன் படங்களை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறாள். “உள்ளுக்குள்ள உள்ளுக்குள்ள நாலு ஃபோல்டர் போட்டு வச்சா யாருக்கும் தெரியாதுன்னு நீதான சொன்னே” என்றாள். சொன்னது நான்தான். பெருமையடிப்பதற்காக எப்போதோ சொன்னது.

“என்னத்துக்கு வச்சீங்க மைனி? அதயும் அழிச்சிருக்கலாமே.”

“தெனமும் ஒருக்கா பாப்பேன். வளந்திருக்கான்னு.”

படம் வளராதே மைனி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “அறிஞ்ச அன்னைக்கே உங்க அண்ணன் வேலய விட்டுட்டு வந்துருவாரு. இன்னும் ஏழு மாசத்துல அவருக்கு லீவு. அது வர போட்டும்” என்றாள். அவளுடைய அம்மா மார்புப் புற்றுநோயில்தான் இறந்தார். கட்டி தெரிந்த நாளிலிருந்து அடக்க ஆராதனை வரைக்கும் எட்டு மாதம். அது எனக்கும் தெரியும். ஏழையும் எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

சிடியின் நினைவு அப்போதுதான் வந்தது. திங்கட்கிழமை அந்த மென்பொருள் ஒரே இடத்தில் அடுக்கிக் காட்ட, நான் மொத்தமாக இழுத்துப் போட்டது இதே ஃபோல்டரைத்தான். பதினோரு படங்களும் அதில் போயிருக்கின்றன. வெள்ளிக்கிழமை அண்ணன் மகளின் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும்போது, எட்டு ஆண்களுக்கு நடுவில், இந்தப் படம் பெயரோடும் வயதோடும் பெரிய திரையில் வரும். சொன்னேன். மைனி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு.

வற்றல் கொடுக்க மறந்துவிட்டோம் என்று அம்மாவிடம் பொய் சொல்லி, குழந்தையை விட்டுவிட்டுப் பேருந்து ஏறினோம். அண்ணனின் கூட்டாளி வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வேன் நின்றது. உள்ளே கயிறு கட்டி, சுற்றிலும் டேப் ஒட்டி, பெயரும் எண்ணும் எழுதிய பயணப்பெட்டி; சிடி அதற்குள்தான். அதைச் சுற்றி முப்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வழியனுப்பு ஜெபம் தொடங்கிவிட்டது. ஜெபத்தின் நடுவே போய் எங்கள் சிடியைக் கொடுங்கள் என்று கேட்க முடியுமா? கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பாட்டு முடிந்தது, வேதவாசிப்பு முடிந்தது, உபதேசியார் மோசே செங்கடலைக் கடந்த கதையில் தொடங்கி மெதுவாக வந்துகொண்டிருந்தார். நான் பெட்டியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நீளமான ஜெபத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் உட்கார்ந்ததில்லை.

கடைசியில் உபதேசியார், எல்லாரும் கண்களை மூடிக்கொள்ளுங்கள், ஜெபக்குறிப்பு உள்ளவர்கள் சொல்லலாம் என்றார். ஒருவர் மகனின் பரீட்சைக்காகச் சொன்னார். ஒருவர் முழங்கால் வலிக்காக. பிறகு என் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“எனக்க மாருல ஒரு கட்டி இருக்கு. ஸ்கேன் எடுத்தாச்சு. வீட்டுல யாரும் அறியாது. அவரும் அறியாது. எனக்கு பேடியா இருக்கு. ஜெபிக்கணும்.”

உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கினார். அவர் என்ன ஜெபித்தார் என்று எனக்கு நினைவில்லை. மைனியின் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்தது நினைவிருக்கிறது.

முடிந்ததும் அண்ணனின் கூட்டாளியைத் தனியாக அழைத்துச் சிடியைப் பற்றிச் சொன்னேன். அவர் உடனே பெட்டிக் கயிற்றை அறுக்கக் கத்தி எடுத்தார். மைனிதான் தடுத்தாள். “பிரிக்காண்டாம். கொண்டு போங்க. அவருக்கு மட்டும் தனியா குடுங்க, அறையில போடாண்டாம். நான் இன்னைக்கே போன்ல சொல்லிருவேன்.” அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

திரும்பி வரும் பேருந்தில் கேட்டேன், அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொன்னீர்கள் என்று. “எல்லாரும் கண்ண மூடிட்டு இருந்தாவ. அப்பம் சொன்னாதான் உண்டு” என்றாள்.

அவள் பயந்தது போலவே அண்ணன் அடுத்த வாரமே வந்துவிட்டார். வேலை போனது; திரும்பிப் போகவே இல்லை. அறுவை சிகிச்சையும் மருந்துமாக ஒரு வருடம் போயிற்று. மைனி பிழைத்தாள். என் தவறுதான் அவளைக் காப்பாற்றியது என்று வீட்டில் இப்போதும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பாராட்டு பிடிக்காது. அந்த மென்பொருளை ஏற்றாமல் இருந்திருந்தால் என்று இத்தனை வருடம் கழித்தும் நினைத்துக்கொள்கிறேன்.

வருடத்துக்கு ஒருமுறை அவளுக்குப் பரிசோதனை உண்டு. முடிவு என் கைப்பேசிக்குத்தான் வரும். இந்த வருடத்தது போன திங்கட்கிழமை வந்தது. வலது பக்கத்தில் புதிதாக ஒரு நிழல், உடனே வரவும் என்று இருந்தது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். மைனியின் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அது முடியட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மைனி அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ரிப்போர்ட் வந்துட்டு மைனி.”

என் முகத்தைப் பார்த்தாள். கையைக் கழுவி, சேலையில் துடைத்தாள். நான் கைப்பேசியை எடுத்தேன்.

“எனக்கு தனியா சொல்லாண்டாம்” என்றாள். “உங்க அண்ணன் பின்னால ரப்பர் ஷீட்டு காயப்போடுறாரு. கூட்டிட்டு வா. ரெண்டு பேருமா கேக்கோம்.”

பின்கதவைத் திறந்து அண்ணனைக் கூப்பிட்டேன்.