கோழி ஏறிக்கொண்டிருக்கிறது

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, இலங்கை மலையகத்தில் டயகமவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கணினிகள் வந்தன. இணையத்துக்காக, எங்கள் தலைமை ஆசிரியரான அதிபரின் அறைத் தொலைபேசிக் கம்பியையே நீட்டி மாட்டியிருந்தார்கள். யாராவது அதிபருக்கு அழைப்பு எடுத்தால் எங்கள் இணையம் அறுந்துவிடும். அதிபருக்கு உறவினர்கள் அதிகம்.

கணினி சொல்லிக்கொடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இளம் ஆசிரியர் வந்தார். அவருக்கு அதுதான் முதல் நியமனம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தவர், நாங்கள் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"இந்தத் தவணை மூண்டு மாசமும் நான் ஒண்டும் படிப்பிக்கப் போறேல்லை. உங்களுக்கு என்ன தெரிய வேணுமோ அதை நீங்களே ஒரு கேள்வியாய் எழுதுங்கோ. நீங்களே இணையத்திலை தேடுங்கோ. கடைசியிலை வந்து எங்களுக்குச் சொல்லுங்கோ."

வகுப்பு சந்தேகத்தோடு பார்த்தது. என் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள்.

"சேர், இது பரீட்சைக்கு வருமா?"

"வராது."

"அப்ப எதுக்கு சேர்?"

அவர் போத்தலைத் திறந்து கொஞ்சம் தண்ணீர் குடித்தார். அவள் உட்கார்ந்து, 'கணக்குப் பாடமே இல்லாத நாடு எது?' என்று தன் கேள்வியை எழுதினாள். பின்வரிசைக்காரன் ஒருவன் உயரமாக வளர்வது எப்படி என்று எழுதினான். எனக்கு எதுவும் தோன்றவில்லை. அன்று காலையில் அம்மா கோழியைத் திட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. 'எங்கள் வீட்டுக் கோழி ஏன் முட்டை போடுவதில்லை?' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சேர் அதைப் படித்துவிட்டு, "நல்ல கேள்வி" என்றார். கேலி செய்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை. கோழி வளர்ப்பவர்கள் கூடிப் பேசும் ஓர் இணையப் பக்கத்தையும், சொற்களுக்கு அர்த்தம் சொல்லும் இன்னொரு பக்கத்தையும் காட்டிவிட்டுப் போய்விட்டார். நான் ஒரு பாடவேளை முழுக்க உட்கார்ந்து, என் கோழி முட்டை போடவில்லை, தயவுசெய்து சொல்லுங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன்.

அடுத்த வாரம் கனடாவிலிருந்து ஒரு பெண்மணி பதில் எழுதியிருந்தார். கோழிக்கு என்ன வயது, என்ன சாப்பிடுகிறது, ஒரு படம் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு ஓடினேன். அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கோழி முட்டை போடலங்கிறத கனடா வரைக்கும் சொல்லிட்டியா? லயத்துல தெரிஞ்சது போதாதா?"

"அவங்க போட்டோ கேக்குறாங்கம்மா."

"ஒன்னோட போட்டோவா?"

"கோழியோட."

அம்மா சாக்கைக் கொடியில் போட்டார். "அப்பிடின்னா மொதல்ல அதக் குளிப்பாட்டணும்" என்றார்.

மறுநாள் குளித்துப் பவுடர் வாசனையோடு இருந்த கோழியைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனேன். சேர் தன் கெமராவால் படம் எடுத்தார். படம் இணையத்தில் ஏறத் தொடங்கியது. வகுப்பே கணினியைச் சுற்றி நின்றது. திரையில் இருந்த நீலக்கோடு எறும்பு மாதிரி நகர்ந்து, பாதியைத் தாண்டியபோது அதிபரின் தொலைபேசி மணி அடித்தது. கோடு நின்றுவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினோம். திரும்பவும் மணி அடித்தது. மூன்றாவது முறை அதிபருக்கே பொறுக்கவில்லை. அவர் பேசியது எங்களுக்குக் கேட்டது.

"கொஞ்சம் பொறுத்து எடுங்க சேர். கோழி ஏறிக்கிட்டு இருக்கு."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள்.

"இல்ல சேர், கூரையில இல்ல. கனடாவுக்கு."

பேசியது வலயக் கல்வி அலுவலகத்து அதிகாரி. அடுத்த நாள் காலையில் அவர் நேரில் வந்து இறங்கினார்.

அவர் கணினி அறைக்குள் வந்தபோது திரை முழுவதும் எங்கள் கோழி நின்றது. படத்துக்குக் கீழே பதிலும் வந்திருந்தது. அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது என்ன பாடம்?"

"மாணவர் தாங்களே நடத்துற கற்றல், சேர்" என்றார் எங்கள் ஆசிரியர்.

"இத நடத்துறது யாரு?"

"இந்தப் பிள்ளை."

"நான் கோழின்னு நெனச்சேன்" என்றார் அதிகாரி. என்னைப் பார்த்து, பதிலைப் படித்து விளக்கச் சொன்னார்.

எழுந்து நின்று படித்தேன். கோழி மிக அழகாக இருக்கிறது, ஆனால் மிக அதிகமாகக் குண்டாக இருக்கிறது. கொழுப்பு ஏறிய கோழி சரியாக முட்டையிடாது. எத்தனை வீட்டில் சாப்பிடுகிறது என்று விசாரிக்கவும். நான் தமிழில் சொல்லி முடித்ததும் அதிகாரி தலையாட்டினார். எங்களைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தோம். அவர் அதிபர் பக்கம் சாய்ந்தார்.

"எங்க வீட்டு நாய்க்கு முடி கொட்டுது. அதுக்கும் இப்பிடி ஒரு எடம் இருக்குமா?"

பகல் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அவர் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

நான் லயத்தில் விசாரித்தேன். எங்கள் கோழி ஒரு வீடு விடாமல் ரொட்டி தின்று வந்திருக்கிறது. ஒவ்வொரு வாசலாகப் போய், இனி எதுவும் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

"பட்டினி போடச் சொல்லிக் கனடாவுலேருந்து உத்தரவாடி?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"பட்டினி இல்லக்கா. டயட்டு."

கோழிக்கு இது புரியவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று உள்ளே முறைத்துப் பார்த்தது. சில வாரங்கள் போயின. ஒரு நாள் காலை, பக்கத்து வீட்டு அக்காவின் கொழுந்துக் கூடைக்குள் ஒரு முட்டை கிடந்தது.

"எங் கூடையில போட்டுச்சு. அப்ப எங்க முட்டை" என்றார் அக்கா.

"கோழி எங்களோடது" என்றார் அம்மா.

"அது தின்ன ரொட்டி?"

சண்டை வேண்டாம், இணையத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். கேட்டேன். ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் கூடைக்காரருக்கே என்றார். இங்கிலாந்துக்காரர் அதை மறுத்து நீளமாக எழுதினார். கனடாப் பெண்மணி இரண்டு பேரையும் சமாதானப்படுத்தினார். இந்தத் தீர்ப்புகளோடு நான் வீட்டுக்கு வந்தபோது, அம்மாவும் அக்காவும் நிறைய வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். எனக்கு ஒரு துண்டுகூட வைக்கவில்லை.

தவணை முடிந்த பிறகும் நான் அந்தப் பெண்மணிக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு இங்கிலீஷ் வந்தது. ஆனால் தீனி, இறகு, அலகு, பேன் என்று தொடங்கினால்தான் சரளமாக வரும். டிசம்பரில் அவர் தன் கோழிகளின் படத்தை அனுப்பினார். எல்லாக் கோழிகளும் கம்பளிச் சட்டை போட்டுப் பனியில் நின்றன. அதைப் பார்ப்பதற்காகவே அம்மா வேலை விட்டதும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கூடையைக் கதவருகே இறக்கிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார்.

"இதெல்லாம் அவங்களே பின்னினதா?"

"ஆமாம்மா."

"எந்த ஊசியில பின்னினாங்க, எத்தன கண்ணு போட்டாங்கன்னு கேட்டு எழுது."

சேருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியளோ, அம்மாவும் கேள்வி கேக்கத் தொடங்கீட்டா" என்றார். விளக்கம் படத்தோடு வந்தது. அம்மா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து சிவப்புக் கம்பளியில் பின்னி முடித்தார்.

சட்டையை மாட்டியதும் எங்கள் கோழி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. தூக்கி நிறுத்தினோம். பின்பக்கமாகவே நடந்து போய் அடுப்பில் முட்டிக்கொண்டது. அம்மா அதைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டார். பக்கத்து வீட்டு அக்காவின் கைக்குழந்தைக்கு அது அளவெடுத்த மாதிரி இருந்தது.